பழைய எம்ஜிபி காரின் பிரேக் குழாய்களை மாற்றி எயார் எடுப்பது: கொழும்புக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஏறக்குறைய ஒரு தொன் எடையுள்ள எம்ஜிபி என்ற பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்துவது 3/16 அங்குலக் குழாய் ஒன்றுக்குள் அடைபட்டிருக்கும் பிரேக் ஒயில் என்ற திரவம்தான். எங்கள் வீதிகளில் ஓடும் வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் பெரும்பாலானவை ஒற்றைச் சுற்றுப் பிரேக் கொண்டவை. நான்கு சில்லுகளுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை அழுத்தும்போது திரவத்தைத் தள்ளும் பாகம்), ஒரே திரவப் பாதை. அந்தப் பாதையில் எங்கோ ஓர் இடத்தில் குழாய் பிய்ந்தால் பெடல் தரைக்குப் போய்விடும்; நான்கு சில்லுகளிலும் பிரேக் இருக்காது. மிஞ்சுவது கைப்பிரேக் மட்டும். ஆகவே கசிகிற துண்டை மட்டும் மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு துண்டு உக்கியிருந்தால் அதே வயதுள்ள மற்றத் துண்டுகளும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும், மூன்று இறப்பர் ஹோஸ்களையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். மாற்றும்போது குழாய்க்குள் புகுந்த காற்றைப் பிறகு வெளியேற்ற வேண்டும்; அதைத்தான் எயார் எடுப்பது என்கிறோம்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் செய்யப்பட்டன. அதனால் உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாகவே தயாரிக்கப்படுகின்றன. முன்னுக்கு 10.75 அங்குல டிஸ்க், பின்னுக்கு 10 அங்குல டிரம். இங்கே சொல்லும் முறை மிட்ஜெட், ஸ்பிட்ஃபயர், மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களுக்கும் பொருந்தும். அளவுகளை மட்டும் உங்கள் காரின் கைநூலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்காற்றும் ஈரமும்

காலிமுகத்திடல் தொடங்கிக் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலை ஒட்டிக் குடியிருக்கும் நமக்கு உப்பு புதிய விடயமல்ல. ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்புத்தான் காரின் அடியிலும் வேலை செய்கிறது. குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் உட்புறத்திலும், பின் அச்சின் மேல் சேறு தங்கும் இடத்திலும்தான் முதலில் உக்கும். வெளியே தெரியும் பகுதி நன்றாக இருக்கும். கிளிப்பைக் கழற்றினால் குழாயின் தடிப்பில் பாதி இருக்காது. அடிப்பாகம் முழுவதும் கறுப்புத் தார்ப் பூச்சு அடித்த கார்களில் இன்னும் கவனம் தேவை. பூச்சு துருவை நிறுத்துவதில்லை, மறைக்கத்தான் செய்கிறது. வருட வரி அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யும் புகைப் பரிசோதனை பிரேக் குழாயைப் பார்ப்பதில்லை என்பதால், நீங்கள் பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

அடுத்தது பிரேக் ஒயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 தரத் திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்த பின்னர் அதே தர நிர்ணயம் கேட்பது 155 பாகை மட்டும். டொட் 3 என்றால் 205, பிறகு 140. காலி வீதி நெரிசலில் இந்த வித்தியாசம் தெரியாது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கும்போது தெரியும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துப் பிடித்து டிஸ்க் சூடேறுகிறது, ஈரம் குடித்த திரவம் டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் கலிப்பருக்குள் கொதித்து ஆவியாகிறது, ஆவி அமுங்கிக்கொடுப்பதால் பெடல் காலடியில் தளர்ந்துவிடுகிறது. புதுக் குழாய் போட்டுவிட்டுப் பழைய திரவத்தை ஊற்றுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்

குழாய்க்கு என் தெரிவு செப்பு நிக்கல் கலவை: நூற்றுக்கு 90 செம்பு, 10 நிக்கல். துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம், நுனியும் ஒழுங்காக விரியும். 25 அடிச் சுருளாக வரும். தனிச் செம்புக் குழாயும் விற்கிறார்கள்; ஆனால் அது அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிக்கக்கூடியது. குளிரூட்டி வேலைக்கு விற்கும் செம்புக் குழாயையோ அலுமினியக் குழாயையோ எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாது. பலமாகப் பிரேக் பிடிக்கும்போது உள்ளே 1000 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் ஏறும். அந்தக் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

நட்டுகளை வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போவீர்கள். அங்கே எல்லாம் கிடைக்கும். ஆனால் கடைகளில் குவிந்திருப்பது ஜப்பானிய வாகனங்களுக்கான மெட்ரிக் நட்டு. எம்ஜிபிக்கு வேண்டியது 3/8 அங்குல, அங்குலத்துக்கு 24 புரி கொண்ட யுஎன்எஃப் (அங்குல அளவு நுண்புரி) நட்டு. ஜப்பானிய நட்டு 10 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் புரி இடைவெளி. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீற்றர், அதன் புரி இடைவெளி 1.06. மெட்ரிக் நட்டைப் பழைய யூனியனில் (நட்டு ஏறும் இணைப்புத் துண்டில்) ஸ்பானர் போட்டுத் திருகினால் ஒரு சுற்றுப் போகும், அதோடு பித்தளைப் புரி சிதைந்துவிடும். மறுபக்கம் இன்னும் மோசம்: 3/8 நட்டு மெட்ரிக் துளைக்குள் லொடலொடவென்று இறங்கும், இறுகியதுபோலவும் தோன்றும், அழுத்தம் ஏறியதும் பிய்ந்துகொண்டு வரும். காரிலிருந்து கழற்றிய பழைய நட்டு ஒன்றையும், அது ஏறும் யூனியன் ஒன்றையும் கையில் கொண்டுபோங்கள். வாங்கும் ஒவ்வொரு நட்டையும் கடையிலேயே அந்த யூனியனில் விரலால் திருகிப் பாருங்கள். விரலால் கடைசிவரை சுகமாகப் போகவேண்டும்.

இவற்றோடு மூன்று புதிய ஹோஸ்கள், ஹோஸுக்குச் செப்பு வாஷர் உண்டென்றால் புதிய வாஷர், 7/16 அங்குல ஃபிளேர் ஸ்பானர் (குழாய் நட்டுக்கான ஸ்பானர்), சிறிய குழாய் வெட்டி, குழாயின் நுனியை விரிக்கும் நல்ல ஃபிளேர் கருவி, ஒரு லீற்றர் டொட் 4. ஒயிலைச் சிறு போத்தல்களாக முத்திரை உடையாமல் வாங்குங்கள். ஃபிளேர் கருவியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மலிவான கருவி குழாயை இறுகப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் நுனி கோணும். பட்டறை மேசையில் பூட்டிப் பயன்படுத்தும் வகையை யாரிடமாவது இரவல் வாங்கக் கிடைத்தால் அதுவே மேல்.

சிலிக்கன் வகையான டொட் 5 பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பெயின்றைத் தின்னாது என்பது உண்மை. ஆனால் அது மற்றத் திரவங்களோடு கலக்காது. உள்ளே சேரும் நீரும் அதில் கரையாமல் தாழ்ந்த இடத்தில் தேங்கிக்கொள்ளும். கொழும்பு ஈரத்தில் டொட் 4 போட்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவதே நல்லது.

கழற்றுதல்

வேலைக்கு முதல் நாள் மாலையிலேயே எல்லா நட்டுகளையும் கம்பித் தூரிகையால் துலக்கி, துரு இளக்கும் ஒயிலை அடித்துவிடுங்கள். கார் நிற்கும் இடம் சீமெந்துத் தரையாக இருக்கவேண்டும். மண் முற்றம் என்றால் ஸ்டாண்டுகளுக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலை வைக்கக்கூடாது. நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றிய பிறகு, கீழே போகுமுன் காரைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

டிரம்மைக் கழற்றினால் உள்ளேயிருக்கும் தூசியைக் கொம்பிரசர் காற்றால் ஊத வேண்டாம். பழைய பிரேக் சூக்களில் அஸ்பெஸ்டோஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

எதையும் கழற்றுமுன் குழாய் போகும் வழி முழுவதையும் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். எந்தக் கிளிப்பில் எந்தப் பக்கமாக வளைகிறது, கைப்பிரேக் கேபிளுக்கு மேலா கீழா, எல்லாம் படத்தில் இருக்கட்டும். இரண்டு நாள் கழித்து நினைவு கைகொடுக்காது.

நட்டு சுற்றும்போது குழாயும் சேர்ந்து முறுகுவது வழக்கம். ஸ்பானர் வழுக்கி நட்டின் மூலை உருண்டுவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். குழாய் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. நட்டுக்கு அருகே குழாயை வெட்டிவிட்டு, ஆறு முனைச் சொக்கெட்டை நேராகப் போட்டுத் திருப்புங்கள்; பெரும்பாலும் கழன்றுவிடும். ஆனால் பழைய துண்டுகளை உடனே எறியாதீர்கள். நீளத்துக்கும் வளைவுக்கும் அவைதான் மாதிரி.

ஹோஸ்களைக் கழற்றுவதில் ஒழுங்கு முக்கியம். முதலில் இரும்புக் குழாயின் நட்டு, அடுத்து ஹோஸைத் தாங்கியில் பிடித்திருக்கும் பூட்டு நட்டு, கடைசியாக ஹோஸின் மறுமுனை. ஹோஸை முறுக்கவே கூடாது. பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உட்சுவர் வீங்கி அடைத்திருக்கலாம். பெடலை அழுத்தினால் திரவம் போகும், விட்டால் திரும்பாது. ஒரு பக்கச் சில்லு பிடித்தபடி சூடாகும். அதைக் கலிப்பர் பழுது என்று நினைத்துப் பணத்தைச் செலவழிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வழியும் ஒயில் பெயின்றில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துணியால் துடைத்தால் மட்டும் போதாது. திறந்த முனை ஒவ்வொன்றையும் அப்போதைக்கப்போது மூடிவிடுங்கள்.

குழாய் நுனி: வேலையின் உயிர் இங்கேதான்

மற்ற எதில் அவசரப்பட்டாலும் இதில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பழைய துண்டின் இரு நுனிகளையும் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். இரண்டு வகை இருக்கும். ஒன்று, வெளியே புடைத்துக் குமிழ்போல் முடியும் ஒற்றை ஃபிளேர்; இது பெரும்பாலும் வெளிப்புரி நட்டோடு வரும். மற்றது, புனல்போல் உட்புறம் சரிந்து இரட்டைத் தடிப்பாக மடிந்த இரட்டை ஃபிளேர். இது உட்புரி நட்டோடு, ஹோஸின் முனையில் வருவது வழக்கம். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். பழைய நுனியையும் அது உட்காரும் இருக்கையையும் பார்த்து எந்த வகை என்று தீர்மானியுங்கள். முன்பு யாரோ தவறாகப் போட்டிருக்கவும் கூடும் என்பதால் இருக்கையின் சாட்சிதான் கடைசி.

குழாயை ஹக்சோவால் அறுக்கக்கூடாது. சிறு தூள் உள்ளே போகும், வெட்டும் சரியும். குழாய் வெட்டியைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிதே இறுக்கி வெட்டுங்கள். பிறகு அரத்தால் முகத்தை நேராக்கி, உள்விளிம்பின் பிசிறை எடுத்து, குழாயைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி, காற்றால் ஊதுங்கள். இப்போது நட்டைக் குழாயில் ஏற்றுங்கள், சரியான திசையில். நட்டை மறந்து நுனியை விரித்துவிட்டால் வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

கருவியின் தாடைக்குள் குழாயை வைத்து, கருவியின் அச்சு (நுனிக்கு வடிவம் தரும் சிறு துண்டு) காட்டும் உயரத்துக்கு அதன் தோளை வைத்து அளந்து நீட்டி, இரு பக்கத் திருகாணிகளையும் மாறி மாறி இறுக்குங்கள். அச்சின் நுனியில் ஒரு துளி பிரேக் ஒயில் விடுங்கள், கிறீஸ் வேண்டாம். முதல் அழுத்தத்தில் குமிழ் வரும். ஒற்றை ஃபிளேர் என்றால் அதோடு சரி. இரட்டை என்றால் அச்சை எடுத்துவிட்டுக் கூம்பை நேராக இறக்கி மெதுவாக அழுத்துங்கள்; குமிழின் உதடு உள்ளே மடிந்து படியும்.

கழற்றி எடுத்து நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அகலமாக இருக்கிறதா? துளை நடுவில் இருக்கிறதா? உட்சரிவில் தலைமயிர் அளவு வெடிப்பேனும் தெரிகிறதா? உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் எடுங்கள். ஐயம் வந்தால் அந்த நுனியை வெட்டிவிடுங்கள். சுருளில் இன்னும் குழாய் இருக்கிறது. காருக்கான துண்டைத் தொடுமுன் வீண் துண்டுகளில் கை பழகும்வரை செய்து பாருங்கள்.

வளைப்பதற்குச் சிறு வளைப்பான் போதும். பெரிய வளைவுகளுக்கு உருண்டையான டின் ஒன்றைச் சுற்றிக் கையாலேயே வளைக்கலாம். நுனிக்கு அருகில் வளைக்க வேண்டாம். நட்டு பின்னால் தள்ளி நிற்க இடம் வேண்டும். நேரான பகுதியை விட்டுத் தொடங்குங்கள். மடிப்பு விழுந்த துண்டைத் திருப்பி நேராக்கிப் பயன்படுத்தக்கூடாது.

பூட்டுதல்

குழாயைப் பழைய வழியிலேயே கொண்டுபோங்கள். புகைக்குழாயிலிருந்து விலகியும், கைப்பிரேக் கேபிளும் சுழலும் தண்டும் உரசாத தூரத்திலும் இருக்கவேண்டும். பழைய கிளிப்பு இருந்த ஒவ்வோர் இடத்திலும் கிளிப்பு வேண்டும். கட்டப்படாத குழாய் அதிர்ந்து அதிர்ந்து நட்டின் அருகே முறியும்.

எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். எல்லாம் பிடித்த பின்னரே கிளிப்பைப் பூட்டி, ஸ்பானரால் இறுக்குங்கள். மென்மையான குழாய் என்பதால் பலத்தைக் காட்ட வேண்டியதில்லை. உறுதியாக நின்றால் போதும். கசிந்தால் ஒரு சிறு திருப்பம் கூட்டலாம். புரியில் டேப் சுற்றவோ பசை பூசவோ கூடாது. அடைப்பது ஃபிளேர், புரி அல்ல.

முன் ஹோஸ்களைப் பூட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஹோஸ் டயரிலோ தண்டிலோ தொடக்கூடாது. ஆரம்பகாலக் கார்களில் பிரேக் லைட் சுவிட்ச் குழாய்ச் சந்தியிலேயே திருகப்பட்டிருக்கும். அதையும் இப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள்.

எயார் எடுத்தல்

தொடங்குமுன் பின் பிரேக்குகளைச் சரிசெய்யுங்கள். டிரம்முக்குப் பின்னால் தகட்டில் சதுரத் தலையுள்ள திருகு இருக்கிறது. சில்லு பூட்டிக்கொள்ளும்வரை இறுக்கி, பிறகு சில்லு தடையில்லாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். இதைச் செய்யாமல் எயார் எடுத்தால் பெடல் தாழ்ந்தே நிற்கும்; எயார் இருக்கிறது என்று நினைத்து வீணாக ஒயிலைக் கொட்டுவீர்கள்.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதி நெடுங்காலம் பயன்படாமல் துருவேறியிருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் இறப்பர் சீல் அந்தத் துருவின் மேல் ஓடிக் கிழியும்.

மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரமான சில்லில் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்டியரிங் காரில் அது இடது பின் சில்லு. அடுத்து வலது பின், இடது முன், வலது முன். எயார் வெளியேறுவதற்காகத் திறக்கும் சிறு திருகுதான் நிப்பிள்; சில கார்களில் பின் அச்சு முழுவதற்கும் ஒரே நிப்பிள்தான் உண்டு. அப்படியென்றால் அதிலிருந்து ஆரம்பியுங்கள். நிப்பிளில் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்திவையுங்கள்.

பெடலில் ஒருவரும் நிப்பிளில் ஒருவரும் வேண்டும். இருவருக்கும் இடையில் பேச்சு தெளிவாக இருக்கவேண்டும். கீழேயிருப்பவர்தான் கட்டளை தருகிறவர்.

"தம்பி, மெதுவாக அழுத்து."

"அழுத்திப் பிடித்திருக்கிறேன் அண்ணா."

நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்கிறார். ஒயிலோடு குமிழ்கள் குழாயில் ஓடுகின்றன. பெடல் கட்டையைத் தொடுகிறது. நிப்பிளை மூடுகிறார்.

"மூடிவிட்டேன், இப்போது விடு."

மூடியதாகச் சொல்லும்வரை காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் எயார் திரும்ப உள்ளே போகும். ஒவ்வொரு சில தடவைக்கும் மாஸ்டர் சிலிண்டரின் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். அது வற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். எம்ஜிபியில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் தனித்தனிக் கிண்ணம் உண்டு. தவறானதை நிரப்பிக்கொண்டு நிற்காதீர்கள். போத்தலில் விழுந்த ஒயிலைத் திரும்ப ஊற்றக்கூடாது. குமிழே இல்லாமல் தெளிந்த ஒயில் வந்த பின்னரும் சில தடவை அழுத்தி எடுங்கள்.

பெடல் இன்னும் பஞ்சுபோல் இருந்தால் முன் கலிப்பர்களைப் பாருங்கள். நிப்பிள் கலிப்பரின் மேல் பக்கம் இருக்கவேண்டும். முன்பு யாரேனும் இடது வலது மாற்றிப் பூட்டியிருந்தால் நிப்பிள் கீழே இருக்கும். எயார் மேலே தங்கி, எத்தனை லீற்றர் ஊற்றினாலும் வெளியே வராது. அடுத்துப் பின் பிரேக்கின் சரிசெய்தலை மறுபடி பாருங்கள். இரண்டும் சரியென்றால், பெடலை அழுத்திய நிலையில் கோலொன்றால் முட்டுக்கொடுத்து இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் மறுபடி எயார் எடுக்கலாம். பலர் கையாளும் வழி இது. பெடல் உறுதியாக நின்று, காலை எடுக்காமலேயே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அது எயார் அல்ல: வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய்விட்டது.

வீதிக்கு இறக்குமுன்

எல்லா யூனியன்களையும் உலர்ந்த வெள்ளைக் கடதாசியால் துடையுங்கள். ஒருவர் பெடலைத் தன் முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஒவ்வொரு யூனியனிலும் புதிய கடதாசியை வைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் அங்கே கசிவு. மறுநாள் காலையிலும் இதையே செய்யுங்கள். உங்களுக்கு இது முதல் தடவை என்றால், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டிய விடயமல்ல இது.

கைப்பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பின்னரே காரை அசையுங்கள். முதலில் வளவுக்குள், பிறகு ஆளில்லாத ஒழுங்கையில் நடை வேகத்தில். பெடல் உயரமும் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதும் தெரிந்த பிறகு ஞாயிறு அதிகாலையில் பௌத்தாலோக மாவத்தை போன்ற அகன்ற வீதியில் சற்று வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் நான்கு சில்லுகளின் அருகிலும் கையை வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அது பிடித்தபடி ஓடுகிறது. ஏறக்குறைய 100 கிலோமீற்றர் ஓடிய பின் யூனியன்களை மறுபடி கடதாசி வைத்துப் பாருங்கள். கண்டி வீதியில் கடுகண்ணாவைக்குப் போவது அதற்குப் பிறகு.

எடுத்த பழைய ஒயிலை வெள்ளவத்தைக் கால்வாயிலோ வடிகானிலோ ஊற்ற வேண்டாம். மூடியுள்ள போத்தலில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜ் ஒன்றில் கேட்டுக் கொடுங்கள். திறந்த போத்தலில் மிஞ்சிய புதிய ஒயிலையும் அடுத்த வருடத்துக்கென்று வைக்காதீர்கள், ஈரம் ஏறியிருக்கும். பொனட்டின் உட்புறத்தில் ஒயில் மாற்றிய திகதியையும் அதன் வகையையும் எழுதி ஒட்டிவிடுங்கள், காரை அடுத்துத் தொடுகிறவர் வேறு வகையை ஊற்றாமலிருக்க.